கமாண்டின் பெயர் பாதிதான் ஞாபகம் இருக்கிறதா? அறிகுறியைப் பார்த்துத் தேடும் வழி

என் அக்கா மகன் பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு பிஜியில் தங்கி முதல் வேலை பார்க்கிறான். வாரத்துக்கு இரண்டு தடவையாவது போன் வரும். "மாமா, அன்னைக்கு ஒரு கமாண்ட் சொன்னீங்களே, பிடிஎஃப் எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டுறது. பேரு என்ன?" நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும்: "இல்லைன்னு சொல்லுது மாமா. திரும்ப இன்ஸ்டால் பண்ணிடவா?"

வேண்டாம். பெரும்பாலும் அந்தக் கமாண்ட் (லினக்ஸ், மேக் டெர்மினலில் தட்டும் கட்டளை) மெஷினில்தான் இருக்கும். பெயரைத் தப்பாகத் தட்டியிருப்பான், இல்லையென்றால் தப்பான இடத்தில் தேடியிருப்பான். ஆபீசிலும் இதே கதைதான். ஆள்தான் மாறுகிறார், கோளாறு மாறுவதில்லை. அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிட்டேன்.

இதில் பாதி போனில் சொன்னது. கமாண்டுகளையும் போனில் உச்சரிப்பது போலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வேறு மாதிரி சொல்லாத இடங்களில் எல்லாம் சின்ன எழுத்து.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, எந்த ஷெல்லில் (டெர்மினலில் தட்டுவதை வாங்கி ஓட்டும் நிரல்) இருக்கிறீர்கள்:

எக்கோ $0

பாஷ், இசட்ஷெல், எஸ்எச் என்று ஏதாவது ஒன்று வரும். இரண்டாவது, ஷெல் கமாண்டுகளை எந்தெந்த டைரக்டரியில் (ஃபோல்டரில்) தேடுகிறது:

எக்கோ $பாத்

இங்கே பாத் என்பது நான்கும் பெரிய எழுத்து. கோலன் போட்டுப் பிரித்த ஒரு வரிசை வரும். இந்த இரண்டு பதிலையும் எழுதி வைத்துக்கொண்டு கீழே போங்கள். கடைசியில் அட்மினைக் கூப்பிட நேர்ந்தால் அவர் கேட்கும் முதல் இரண்டு கேள்வியும் இவைதான்.

அறிகுறி 1: பெயரில் ஒரு துண்டுதான் ஞாபகம் இருக்கிறது

*ஆரம்ப எழுத்துகள் தெரியும் என்றால்*

தெரிந்ததைத் தட்டி டேப் விசையை இரண்டு முறை அழுத்துங்கள். பாஷில் நூறும் அதற்கு மேலும் பொருந்தினால் "எல்லாவற்றையும் காட்டவா, ஒய் ஆர் என்" என்று கேட்கும். என் என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு எழுத்து சேர்த்துத் தட்டுங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

*நடுவிலோ கடைசியிலோ இருக்கும் துண்டு தெரியும் என்றால்*

டேப் இங்கே உதவாது. பாஷில் அது ஆரம்பத்தை மட்டும்தான் பார்க்கும். இதற்கு ஏற்ற கருவி காம்ப்ஜென்: சி ஓ எம் பி ஜி இ என்.

காம்ப்ஜென் -சி | சார்ட் -யு | கிரெப் -ஐ யுனைட்

-சி என்றால் இந்த ஷெல் ஓட்டக்கூடிய எல்லாப் பெயரும்: பாத்தில் கிடக்கும் நிரல்கள், ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை, நீங்கள் வைத்த ஏலியாஸ் (சுருக்கப் பெயர்), ஃபங்ஷன் அத்தனையும். ஒரே பெயர் இரண்டு மூன்று தடவை வரும் என்பதால்தான் சார்ட் -யு. கிரெப் நீங்கள் கொடுத்த துண்டு உள்ள வரிகளை மட்டும் காட்டும்; -ஐ போட்டால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது.

அக்கா மகனின் கதைக்கு வருவோம். வாடகை ஒப்பந்தம், ஆதார், ஆபீஸ் கடிதம் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்க வேண்டும். "யுனைட்பிடிஎஃப்" என்று தட்டியிருக்கிறான், "பிடிஎஃப்யூனியன்" என்று தட்டியிருக்கிறான். இரண்டுமே இல்லை. "யுனைட்" என்ற துண்டை மட்டும் கிரெப்பில் கொடுத்ததும் பிடிஎஃப்யுனைட் வந்து நின்றது. பாதி ஞாபகத்தை வைத்து முழுப் பெயரை ஊகிக்காதீர்கள். நிச்சயமாகத் தெரிந்த நான்கைந்து எழுத்தை மட்டும் கொடுங்கள். அதுவும் சந்தேகம் என்றால் மூன்றாகக் குறையுங்கள். பட்டியல் நீளும், பரவாயில்லை, கண்ணால் பார்த்துவிடலாம்.

*காம்ப்ஜெனே இல்லை என்கிறது*

காம்ப்ஜென் பாஷுக்குள் இருக்கும் கட்டளை. நீங்கள் வேறு ஷெல்லில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மேக் என்றால் அது இசட்ஷெல்லாக இருக்கும். 2019-ல் வந்த கேட்டலினா முதல் ஆப்பிள் அதைத்தான் புதுக் கணக்குகளுக்குக் கொடுக்கிறது. அதில்:

வென்ஸ் -எம் '*யுனைட்*'

மேற்கோள் குறியை விட்டுவிட்டால் இசட்ஷெல் நட்சத்திரத்தை ஃபைல் பெயராக எடுத்துக்கொண்டு "நோ மேட்சஸ் ஃபவுண்ட்" என்று கத்தும்.

எஸ்எச் என்று வந்தால், உபுண்டுவிலும் டெபியனிலும் அது டேஷ் என்ற வேறு ஷெல். உபுண்டு 2006-லிருந்தே அப்படித்தான். பாஷ் என்று தட்டி உள்ளே போய்விட்டு காம்ப்ஜெனை ஓட்டுங்கள். ஆல்பைன் (மிகச் சிறிய லினக்ஸ்) கன்டெய்னர் என்றால் பாஷே இருக்காது. அங்கே பிஸிபாக்ஸ் --லிஸ்ட் என்று தட்டினால் அதற்குள் இருப்பவை வரும். மற்றவற்றுக்கு எல்எஸ் /யுஎஸ்ஆர்/பின் | கிரெப் யுனைட் என்று நேரடியாகப் பாருங்கள். அழகில்லை, ஆனால் எல்லா ஷெல்லிலும் ஓடும்.

*கிரெப் எதையுமே காட்டவில்லை*

காசு, நேரம் செலவாகாத காரணங்களிலிருந்து பார்ப்போம்.

தப்பான சுவிட்ச். பர்பிள் லைன் மெட்ரோவில் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவில் நின்றுகொண்டு நான் "மைனஸ் சி" என்றேன், அவன் காதில் "மைனஸ் பி" என்று விழுந்திருக்கிறது. -பி போட்டால் ஷெல்லுக்குள் இருப்பவை மட்டும்தான் வரும், அறுபது சொச்சம். அதில் பிடிஎஃப் எங்கிருந்து வரும்? இந்திராநகர், டொம்லூர் ரோடு, வீடு என்று இருபது நிமிடம் இதிலேயே போயிற்று.

போனிலிருந்து ஒட்டியது. சாட்டில் வந்த வரியை அப்படியே ஒட்டினால் மைனஸ் நீளக் கோடாகவும், நேர் மேற்கோள் சாய்ந்த மேற்கோளாகவும் மாறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

பாத்துக்கு வெளியே இருப்பது. கமாண்ட் டிஸ்கில் இருக்கும், ஷெல் பார்க்கும் டைரக்டரிகளில் இருக்காது. இதற்கு டிஸ்க் முழுக்கத் துழாவ வேண்டியதுதான்:

ஃபைண்ட் / -நேம் '*யுனைட்*' 2>/டெவ்/நல்

கடைசித் துண்டு "பெர்மிஷன் டினைடு" புலம்பல்களை அடக்குவதற்கு. ஓடி முடிய நேரமாகும். லொகேட் நிறுவியிருந்தால் அது நொடியில் சொல்லும், ஆனால் கடைசியாக அப்டேட்டிபி ஓடிய நேரத்து நிலவரத்தைத்தான் சொல்லும். காலையில் நிறுவியது அதில் இல்லாமல் போகலாம்.

இதிலும் இல்லை என்றால், அப்போதுதான் நிறுவுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆபீஸ் லேப்டாப் என்றால் அதை நீங்கள் செய்யாதீர்கள், ஐடி ஆளிடம் கேளுங்கள்.

அடிக்கடி தேடுபவர்கள், பாஷ் திறக்கும்போது படிக்கும் .பாஷ்ஆர்சி ஃபைலில் இந்த ஒரு வரியைப் போட்டு வைக்கலாம்:

தேடு() { காம்ப்ஜென் -சி | சார்ட் -யு | கிரெப் -ஐ -- "$1"; }

டி எச் இ டி யு என்று தட்டுங்கள். என் மெஷினில் பல வருடமாக இருக்கிறது. பக்கத்து இருக்கைக் கன்னட நண்பர் அதை "ஹுடுகு" என்று மாற்றி வைத்துக்கொண்டார்.

அறிகுறி 2: பெயர் சுத்தமாக மறந்துவிட்டது, என்ன செய்யும் என்பது மட்டும் தெரியும்

இப்போது தேட வேண்டியது பெயரில் இல்லை, விளக்கத்தில்.

அப்ரோபோஸ் -ஏ பிடிஎஃப் மெர்ஜ்

மேன் -கே என்பதும் இதேதான். ஒவ்வொரு மேன் பக்கத்தின் (கமாண்டின் உதவிப் பக்கம்) தலைப்பையும் ஒரு வரி விளக்கத்தையும் பார்க்கும். -ஏ போட்டால் இரண்டு சொல்லும் இருக்க வேண்டும். போடாவிட்டால் ஏதாவது ஒன்று இருந்தாலும் கொட்டும். பிடிஎஃப்யுனைட்டின் விளக்கத்தில் "பேஜ் மெர்ஜர்" என்று இருப்பதால் அது வந்துவிடும். "ஜாயின்" என்று தேடியிருந்தால் வந்திருக்காது. அதனால் ஒரு சொல் கைவிட்டால் அதே பொருளில் வேறு சொல்லைப் போட்டுப் பாருங்கள்: மெர்ஜ், கம்பைன், கான்கேட்டினேட்.

நிரல் எழுதுபவர்களுக்கான பக்கங்கள் வந்து குவிந்தால் -எஸ் 1,8 சேருங்கள். 1 எல்லோருக்குமான கமாண்டுகள், 8 அட்மின் கமாண்டுகள்.

*எதைத் தேடினாலும் "நத்திங் அப்ரோப்ரியேட்" என்கிறது*

எல்எஸ் என்று தேடிப் பாருங்கள். அதற்கும் அதே பதில் என்றால் குறை உங்கள் சொல்லில் இல்லை, மேன் பக்கங்களின் அட்டவணை கட்டப்படவில்லை. சுடோ மேன்டிபி என்று ஒரு முறை ஓட்டுங்கள் (சுடோ என்றால் அட்மின் உரிமையோடு ஓட்டுவது). கன்டெய்னர்களிலும் மெலிதாக்கிய உபுண்டு இமேஜ்களிலும் மேன் பக்கங்களையே எடுத்திருப்பார்கள். அங்கே மல்லுக்கட்டாமல், முழுதாக நிறுவிய வேறொரு மெஷினில் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.

*போன வாரம் நானே ஓட்டியது*

அதற்கு அப்ரோபோஸ் எதற்கு? ஹிஸ்டரி | கிரெப் பிடிஎஃப். முடிந்தது.

அறிகுறி 3: நிறுவியாயிற்று, ஆனாலும் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"

என்னிடம் வரும் போன்களில் அதிகம் இதுதான்.

*பாக்கேஜ் பெயர் வேறு, கமாண்ட் பெயர் வேறு*

முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும் (பாக்கேஜ் என்பது நிறுவும்போது வரும் மூட்டை; அதற்குள்தான் கமாண்டுகள்). ரிப்கிரெப்பை நிறுவினால் ஓட்டுவது ஆர்ஜி. இமேஜ்மேஜிக் ஏழாம் பதிப்பில் கமாண்ட் மேஜிக். டெபியன், உபுண்டுவில் இன்னும் ஒரு படி மேலே: அங்கே பேட் என்ற பாக்கேஜின் கமாண்ட் பேட்கேட், எஃப்டி-ஃபைண்ட் என்பதன் கமாண்ட் எஃப்டிஃபைண்ட். அந்தச் சின்னப் பெயர்களை வேறு பாக்கேஜ்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதால் வந்த வினை. நம் பிடிஎஃப்யுனைட் வருவது பாப்ளர்-யுடில்ஸ் என்ற பாக்கேஜிலிருந்து. பெயரைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா?

பாக்கேஜ் என்னென்ன கமாண்ட் போட்டது என்று அதையே கேளுங்கள்:

டிபிகேஜி -எல் பாப்ளர்-யுடில்ஸ் | கிரெப் பின்/

இந்த எல் பெரிய எழுத்து. ஃபெடோரா, ரெட்ஹேட் வகையில் ஆர்பிஎம் -கியூஎல், ஆர்ச்சில் பேக்மேன் -கியூஎல் (கியூ மட்டும் பெரிய எழுத்து), மேக்கில் ப்ரூ லிஸ்ட் பாப்ளர்.

தலைகீழாகவும் கேட்கலாம். கமாண்ட் தெரியும், அது எந்தப் பாக்கேஜில் வரும் என்று தெரியாது, நிறுவப்படவும் இல்லை என்றால் டெபியன், உபுண்டுவில் ஏப்ட்-ஃபைல் சர்ச் இருக்கிறது. ஓட்டும் முன் ஏப்ட்-ஃபைல் அப்டேட் செய்துகொள்ள வேண்டும்.

*பிப் போட்ட கமாண்ட் காணவில்லை*

பிப் (பைதான் நிரல்களை நிறுவும் கருவி) --யூசர் என்று நிறுவினால் அது உங்கள் ஹோமுக்குள் .லோக்கல்/பின் என்ற டைரக்டரியில் விழும். உபுண்டுவின் .ப்ரொஃபைல் ஃபைல், லாகின் ஆகும் நேரத்தில் அந்த டைரக்டரி இருந்தால்தான் அதைப் பாத்தில் சேர்க்கும். முதல் தடவை பிப் ஓட்டும்போதுதான் டைரக்டரியே உருவாகிறது. ஆகவே ஒரு முறை லாக் அவுட் ஆகி உள்ளே வந்தால் சரியாகிவிடும். புது டெர்மினல் டேப் திறப்பது போதாது. "ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுச்சு மாமா" என்று அவன் சொன்னது தற்செயல் இல்லை.

வெர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் நிறுவியிருந்தால் அதை ஆக்டிவேட் செய்த டெர்மினலில் மட்டும்தான் தெரியும். பக்கத்து ஜன்னலில் தேடினால் கிடைக்காது.

*டெபியனில் அட்மின் கமாண்ட்*

சாதாரணப் பயனரின் பாத்தில் எஸ்பின் டைரக்டரிகள் இருக்காது. காம்ப்ஜெனும் அவற்றைக் காட்டாது. எல்எஸ் /யுஎஸ்ஆர்/எஸ்பின் | கிரெப் என்று தட்டி, கூடவே தெரிந்த துண்டையும் கொடுத்துப் பாருங்கள். சுடோவோடு ஓட்டினால் பெரும்பாலும் ஓடிவிடும். எஸ்யு (வேறு பயனராக மாறும் கமாண்ட்) பயன்படுத்துபவர்கள் கவனிக்க: 2019-ல் வந்த டெபியன் 10 முதல் வெறும் எஸ்யு பழைய பாத்தையே வைத்துக்கொள்கிறது. எஸ்யு என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, ஒரு மைனஸ் போட வேண்டும்.

*ஆய்வுக் கூடத்து சர்வர், கல்லூரி கிளஸ்டர்*

அங்கே மென்பொருள் இருக்கும், மாட்யூல் லோட் செய்யும்வரை பாத்தில் வராது. மாட்யூல் அவெய்ல் என்று தட்டி நீளமான பட்டியலைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் நீங்களாக நிறுவ முயலாமல் கிளஸ்டரைப் பார்த்துக்கொள்பவருக்கு எழுதுங்கள்.

அறிகுறி 4: பட்டியலில் வருகிறது, ஓட்டினால் மறுக்கிறது

ஓட்டிய கையோடு எக்கோ $? என்று தட்டுங்கள். 127 என்றால் கிடைக்கவில்லை, 126 என்றால் கிடைத்தது, ஓட்ட முடியவில்லை.

*ஃபைலை நகர்த்தினீர்கள், அல்லது இப்போதுதான் அப்கிரேட் ஆனது.* பழைய இடத்தைச் சொல்லி "நோ சச் ஃபைல்" என்கிறதா? பாஷ் முதல் முறை கண்ட முகவரியை மனதில் வைத்திருக்கிறது. ஹேஷ் -ஆர் என்று தட்டினால் மறந்துவிடும். இசட்ஷெல்லில் ரீஹேஷ்.

*"பெர்மிஷன் டினைடு".* எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள்; எக்ஸ் (ஓட்டும் அனுமதி) இல்லையென்றால் நீங்களே எழுதிய ஸ்கிரிப்டுக்கு சிஹெச்மாட் +எக்ஸ். நீங்கள் எழுதாத ஃபைலுக்கு அதைச் செய்யாதீர்கள். யாரோ காரணத்தோடு எடுத்திருக்கலாம்.

*ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் "நோ சச் ஃபைல்" என்கிறது.* ஸ்கிரிப்ட் என்றால் விண்டோஸில் திருத்தியிருப்பீர்கள். முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டியிருக்கும். டாஸ்2யுனிக்ஸ் ஓட்டுங்கள். பைனரி (ஸ்கிரிப்டாக இல்லாமல் கம்பைல் செய்த நிரல்) என்றால் ஃபைல் என்ற கமாண்டை அதன் மேல் ஓட்டி, யுநேம் -எம் சொல்வதோடு ஒப்பிடுங்கள். 64 பிட் மெஷினில் 32 பிட் நிரல் மாட்டிக்கொண்டாலும் இதே செய்தி வரலாம். பொருந்தாவிட்டால் சரியான பதிப்பைக் கொடுத்தவரிடமே கேட்டு வாங்க வேண்டும்.

*ஓடுகிறது, ஆனால் நீங்கள் நினைத்தது இல்லை.* டைப் -ஏ போட்டு கமாண்ட் பெயரைக் கொடுங்கள். அந்தப் பெயரில் இருக்கும் ஏலியாஸ், ஃபங்ஷன், நிரல் எல்லாம் வரிசையாக வரும். முதலில் வருவதுதான் ஓடுகிறது. விச் இதைச் செய்யாது, பாஷில் பெரும்பாலும் அதற்கு உங்கள் ஏலியாஸ் தெரியாது. வரிசையில் முதலாவதாக /டிஎம்பி போன்ற இடத்திலிருந்து எல்எஸ், எஸ்எஸ்ஹெச் என்று ஏதாவது வந்தால் எதையும் அழிக்காமல், எதையும் ஓட்டாமல் பாதுகாப்புக் குழுவுக்குப் போன் செய்யுங்கள்.

அறிகுறி 5: எனக்கு ஓடுகிறது, சுடோவிலோ கிரானிலோ ஓடவில்லை

சுடோ உங்கள் பாத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளாது. சுடோயர்ஸ் ஃபைலில் எழுதியிருக்கும் செக்யூர் பாத்தைத்தான் பார்க்கும். கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கருவி) இன்னும் சிக்கனம், அநேகமாக /யுஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டும்தான். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கமாண்ட் -வி என்று தட்டி, கூடவே கமாண்டின் பெயரையும் கொடுத்து முழுப் பாதையைத் தெரிந்துகொண்டு அதையே எழுதுங்கள். செக்யூர் பாத்தை மாற்றினால் தேவலை என்று தோன்றும். அது அட்மின் வேலை, அதுவும் விசுடோ வழியாகத்தான்.

அறிகுறி 6: திடீரென்று எதுவுமே இல்லை, எல்எஸ் கூட இல்லை

பயப்பட வேண்டாம், டெர்மினலை மூடவும் வேண்டாம். பாஷ்ஆர்சியில் பாத்தை நீட்டுவதற்குப் பதில் மாற்றி எழுதியிருப்பீர்கள். கடைசியில் :$பாத் சேர்க்க மறந்தால் இப்படித்தான். சிடி, எக்கோ ஷெல்லுக்குள் இருப்பதால் அவை மட்டும் ஓடும். அவசரத்துக்கு எக்கோ * என்பதே எல்எஸ் வேலையைச் செய்யும். இப்போதைக்கு:

பாத்=/யுஎஸ்ஆர்/பின்:/பின்:/யுஎஸ்ஆர்/எஸ்பின்:/எஸ்பின்

உயிர் வந்ததும் பாஷ்ஆர்சியைத் திறந்து அந்த வரியைத் திருத்துங்கள். முழுப் பாதை கொடுத்து /பின்/எல்எஸ் என்று தட்டினாலும் ஓடவில்லை என்றால் இது பாத் கோளாறே இல்லை. டிஸ்க்கோ லைப்ரரிகளோ போயிருக்கலாம். மெஷினை ரீபூட் செய்துவிடாமல் அட்மினைக் கூப்பிடுங்கள். திறந்திருக்கும் அந்த ஒரு டெர்மினல் அவருக்கு வேண்டும்.

அறிகுறி 7: டேப் அடித்தால் குப்பை கொட்டுகிறது, அல்லது டெர்மினல் உறைந்து போகிறது

*குப்பை.* விண்டோஸுக்குள் டபிள்யுஎஸ்எல் (விண்டோஸிலேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) ஓட்டினால் விண்டோஸின் பாத்தும் வந்து ஒட்டிக்கொள்ளும். டிஎல்எல் ஃபைல்கள்கூடக் கமாண்ட் மாதிரிப் பட்டியலில் நிற்கும், தேடலும் மெதுவாகும். /இடிசி/டபிள்யுஎஸ்எல்.கான்ஃப் ஃபைலில் இன்டராப் பகுதியின் கீழ் அப்பெண்ட்விண்டோஸ்பாத்=ஃபால்ஸ் என்று எழுதி, விண்டோஸ் பக்கம் டபிள்யுஎஸ்எல் --ஷட்டவுன் கொடுங்கள். விண்டோஸ் நிரல்களை லினக்ஸ் பக்கத்திலிருந்து கூப்பிடும் பழக்கம் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், அவை பெயர் சொன்னால் வராது.

*உறைதல்.* பாத்தில் உள்ள ஏதோ ஒரு டைரக்டரி நெட்வொர்க் வழியாக வருகிறது, அந்த சர்வர் பதில் சொல்லவில்லை. புது டெர்மினலில் ஒவ்வொரு டைரக்டரியாகப் பாருங்கள், ஐந்து நொடிக் கெடு வைத்து:

டைம்அவுட் -எஸ் 9 5 எல்எஸ் /டூல்ஸ்/பின்

எந்த டைரக்டரியில் கெடு தாண்டி "கில்டு" என்று வருகிறதோ அதுதான் ஆள். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு இந்த டெர்மினலுக்குப் பாத்தை மறுபடி எழுதினால் இன்றைய வேலை நடக்கும். மவுண்டை (அந்த நெட்வொர்க் டைரக்டரியின் இணைப்பை) நீங்கள் கழற்ற வேண்டாம். டைரக்டரியின் பெயரையும் எத்தனை மணிக்கு உறைந்தது என்பதையும் போட்டு அட்மினுக்கு ஒரு டிக்கெட் எழுதுங்கள். பெரும்பாலும் உங்களுக்கு முன்பே அந்தத் தளத்தில் நான்கு பேர் எழுதியிருப்பார்கள்.